மண்ணின் மைந்தர் சான்றிதழ்: ஆப்பிரிக்கச் சண்டைகளில் மதம் எங்கே நிற்கிறது?

நைஜீரியாவின் நடுப்பகுதியில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்தில் ஜோஸ் என்றொரு நகரம் இருக்கிறது. குளுகுளு ஊர். ஆங்கிலேயர் காலத்தில் வெள்ளீயச் சுரங்கத்தால் வளர்ந்தது. அங்கே பிறந்த பிள்ளை அரசுக் கல்லூரியில் இடம் கேட்க, உதவித்தொகை வாங்க, அரசு வேலைக்கு மனுப் போட ஒரு காகிதம் வேண்டும். உள்ளாட்சி அலுவலகத்தில் தருவார்கள். இன்னார் இந்த மண்ணின் மைந்தர் என்று எழுதி, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்ட ஒற்றைத் தாள். பெரோம், அனகுட்டா, அஃபிசெரே இனத்தாருக்கு அது சுலபமாகக் கிடைக்கும். சுரங்க வேலைக்கும் வியாபாரத்துக்கும் வடக்கிலிருந்து வந்த ஹவுசாக்காரரின் கொள்ளுப்பேரனுக்குக் கிடைப்பது குதிரைக்கொம்பு. மூன்று தலைமுறையாக அதே தெருவில் குடியிருந்தாலும் அவர் ‘வந்தேறி’தான்.

அந்தத் தாளில் மதம் என்று ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் முதல் மூன்று இனத்தாரும் பெரும்பாலும் கிறிஸ்தவர்கள், ஹவுசாக்காரர்கள் முஸ்லிம்கள். ஆகவே தாள் கிடைத்தவர், கிடைக்காதவர் என்ற கோடும் சர்ச், மசூதி என்ற கோடும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. 1991-இல் ராணுவ அரசு ஜோஸ் வடக்கு என்று ஒரு தனி உள்ளாட்சியைப் பிரித்தது. அதன் நாற்காலியில் உட்காருபவர் கையில்தான் முத்திரை. அன்று முதல் அந்த நாற்காலிக்கான ஒவ்வொரு தேர்தலும் ஒவ்வொரு நியமனமும் வாழ்வா சாவா என்றாகிவிட்டது.

2001-இல் மத்திய அரசின் வறுமை ஒழிப்புத் திட்டத்துக்கு ஜோஸ் வடக்கில் ஒரு ஹவுசாக்காரரை ஒருங்கிணைப்பாளராகப் போட்டார்கள். ஊரெல்லாம் துண்டறிக்கை, மிரட்டல். செப்டம்பர் 7 வெள்ளிக்கிழமை. ‘காங்கோ ரஷ்யா’ என்று விசித்திரமான பெயர் கொண்ட ஒரு பேட்டையில், மசூதிக்கு வெளியே தெருவை மறித்துத் தொழுகை நடந்துகொண்டிருந்தது. அந்த வழியாகப் போக முயன்ற ஒரு கிறிஸ்தவப் பெண்ணுக்கும் அங்கிருந்தவர்களுக்கும் வாக்குவாதம். ஆறு நாளில் சுமார் ஆயிரம் பேர் செத்தார்கள். அந்த வாரம் உலகத்தின் கண் முழுக்க நியூயார்க்கில் இருந்ததால், ஜோஸ் உள்பக்கச் செய்தியாகக்கூட நிற்கவில்லை. 2008 நவம்பரில் உள்ளாட்சித் தேர்தல் முடிவை ஒட்டி மறுபடியும் நூற்றுக்கணக்கில் சாவு. 2010-இல் மறுபடியும்.

இது மதச் சண்டையா, இல்லையா? இந்தக் கேள்விக்கு இரண்டு ரெடிமேட் பதில்கள் புழக்கத்தில் இருக்கின்றன. “மதம்தான் அத்தனைக்கும் காரணம்” என்பது ஒன்று. “மதம் வெறும் போர்வை, உள்ளே இருப்பது நிலமும் பணமும்” என்பது மற்றொன்று. இரண்டாவது படித்தவர்களுக்குப் பிடித்தமானது. எனக்கு இரண்டும் போதவில்லை. மதம் ஆப்பிரிக்காவில் சண்டையைத் தொடங்கிவைத்த இடங்கள் குறைவு. ஆனால் தொடங்கிய சண்டையில் யார் யார் பக்கம் நிற்பது என்பதை அது முடிவு செய்கிறது. பங்கு போட்டுத் தீர்த்திருக்கக்கூடிய வழக்கைப் பங்கு போட முடியாத வழக்காக மாற்றிவிடுகிறது. வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சலாம். கடவுளை முறை வைக்க முடியாது.

இந்தக் கோடுகள் எப்படி விழுந்தன என்று பார்க்கக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். வசதியாக, ஒரே ஆளைப் பின்தொடர்ந்து போனால் போதும்: ஃபிரடெரிக் லுகார்ட்.

1892 ஜனவரியில் லுகார்ட், இன்றைய உகாண்டாவில் உள்ள புகாண்டா அரசின் தலைநகரம் மெங்கோவில் ஒரு ஆங்கிலேய வணிகக் கம்பெனியின் அதிகாரியாக இருந்தார். அங்கே ஆங்கிலேயப் பாதிரிகள் புராட்டஸ்டன்ட்களாக்கியவர்கள் ஒரு கட்சி, பிரெஞ்சுப் பாதிரிகள் கத்தோலிக்கராக்கியவர்கள் இன்னொரு கட்சி. அவர்களை முறையே ‘ஆங்கிலேயர்’, ‘பிரெஞ்சுக்காரர்’ என்றே உள்ளூர் மொழியில் அழைத்தார்கள். இரு கட்சிக்கும் சண்டை மூண்டபோது லுகார்ட் புராட்டஸ்டன்ட்களுக்குத் துப்பாக்கி கொடுத்து, தம்மிடமிருந்த மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியையும் இறக்கினார். கத்தோலிக்கர்கள் தோற்றார்கள். பிறகு நடந்ததுதான் முக்கியம்: நாட்டின் வட்டாரத் தலைவர் பதவிகளை மதவாரியாகப் பிரித்தார்கள். புராட்டஸ்டன்ட்டுக்கு இத்தனை, கத்தோலிக்கருக்கு இத்தனை, முஸ்லிமுக்கு ஒரு சின்னத் துண்டு.

அறுபது வருடம் கழித்துக் கட்சி அரசியல் வந்தபோது இந்தப் பிரிவினை அப்படியே கட்சிகளாக எழுந்து நின்றது. கத்தோலிக்கர்களின் மனக்குறையிலிருந்து பிறந்தது ஜனநாயகக் கட்சி. அதன் சுருக்கப் பெயரான டிபி என்பதற்கு எதிராளிகள் சுவாஹிலியில் ‘தினி யா பாப்பா’ என்று விரிவு சொல்லிக் கிண்டலடித்தார்கள். போப்பாண்டவர் மதம் என்று பொருள். இரு தரப்பும் ஒரே பைபிளைப் படிப்பவர்கள் என்பதை மறந்துவிடக்கூடாது. இரண்டு தனி மதங்கள் இருந்தால்தான் மதச் சண்டை வரும் என்று யார் சொன்னது?

அதே லுகார்ட் 1900-இல் வடக்கு நைஜீரியாவுக்கு வந்தார். அங்கே 1804-இல் உஸ்மான் தன் ஃபோதியோ தொடங்கிய ஜிஹாதில் பிறந்த சோகோட்டோ கலீஃபா அரசு, நூறு வருடமாக நடந்துகொண்டிருந்தது. வரி வசூல், காஜி நீதிமன்றம், எமிர்கள் என்ற வட்டார மன்னர்கள், எழுத்து, ஏடு எல்லாம் உண்டு. 1903-இல் அதைப் பிடித்த லுகார்ட், உங்கள் மதத்தில் அரசு தலையிடாது என்று வாக்குக் கொடுத்தார். எமிர்களை அப்படியே வைத்துக்கொண்டு அவர்கள் மூலம் ஆண்டார். செலவு குறைவு. எமிர்களின் பகுதிகளில் பாதிரிகளைப் பெரும்பாலும் உள்ளே விடவில்லை. பாதிரிகள் வராததால் ஆங்கிலப் பள்ளிக்கூடமும் வரவில்லை. தெற்கே பள்ளிகள் பெருகின, குமாஸ்தாக்கள் உருவானார்கள், பத்திரிகைகள் வந்தன. 1914-இல் இந்த இரண்டு உலகங்களையும் சேர்த்து முடிச்சுப் போட்டு ஒரே நைஜீரியா ஆக்கியதும் லுகார்ட்தான்.

இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது இடைப்பட்ட வட்டாரம். ஜோஸ் மேட்டுநிலம், தெற்குக் கடுனா போன்ற இடங்களில் கலீஃபா அரசுக்கு முழுதாகப் பணியாத சின்னச் சின்ன இனங்கள் இருந்தன. அவர்களில் பலரை நிர்வாக வசதிக்காக ஆங்கிலேயர்கள் எமிர்களின் கீழ் கொண்டுவந்து வைத்தார்கள். இந்தப் பகுதிக்குள் மட்டும் பாதிரிகளுக்கு அனுமதி கிடைத்தது. அந்த மக்கள் கிறிஸ்தவர்களானதற்கு விசுவாசம் ஒரு காரணம், சந்தேகமில்லை. எமிருக்கு “மாட்டேன்” என்று சொல்லக் கிடைத்த மொழியும் அதுதான். ஞானஸ்நானம் ஒருவகையில் ராஜினாமாக் கடிதம்.

1992 பிப்ரவரியில் தெற்குக் கடுனாவின் ஜங்கோன் கட்டாஃப் என்ற ஊரில், ஹவுசாக்காரர்கள் கையில் இருந்த பழைய சந்தையை வேறு இடத்துக்கு மாற்ற முடிவெடுத்தார்கள். சந்தையை மாற்றுவது என்றால் கடை, தரகு, வாடகை எல்லாம் கை மாறுகிறது. அதில் வந்த கலவரம் மே மாதம் மறுபடியும் வெடித்து கடுனா நகரம் வரை பரவியது. சந்தைத் தகராறு ஊர் எல்லையைத் தாண்டியதும் அதன் பெயர் மாறிவிட்டது: கடுனாவில் அடித்துக்கொண்டவர்களுக்கு அந்தச் சந்தை எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கிறிஸ்தவரா, முஸ்லிமா என்பது மட்டும் போதுமானதாக இருந்தது. மதம் செய்யும் வேலை இதுதான். உள்ளூர்ச் சண்டையை வெளியூருக்குக் கொண்டுபோகும் வண்டி அது.

1999-இல் ராணுவ ஆட்சி முடிந்து, தெற்கைச் சேர்ந்த கிறிஸ்தவரான ஒபசாஞ்சோ அதிபரானார். அதே வருடம் வடமேற்கிலுள்ள சம்ஃபாரா மாநில ஆளுநர் அகமது சானி யெரிமா, குற்றவியல் உட்பட முழு ஷரியா சட்டத்தை அறிவித்தார். அங்கே ஆளுநர் என்பவர் தேர்ந்தெடுக்கப்பட்ட மாநிலத் தலைவர், நம் ஊர் முதலமைச்சர் மாதிரி. அடுத்தடுத்து மேலும் பதினொரு வட மாநிலங்கள் பின்தொடர்ந்தன. அதிகாரம் கை நழுவிய வடக்கத்திப் பெரும்புள்ளிகளின் அரசியல் கணக்கு இதில் இருந்தது உண்மை. ஆனால் கூட்டம் கூட்டமாக வந்து ஆதரித்த சாதாரண ஜனத்தின் கணக்கு வேறு. லஞ்சம் கொடுக்காமல் ஒரு வழக்கு நகராத, எண்ணெய்ப் பணத்தைச் சுருட்டியவர்கள் காரில் போகும் நாட்டில், கடவுளுக்குப் பயந்த ஒரு நீதிமன்றம் வந்தால் நல்லதுதானே என்று நினைத்தார்கள். 2000 மார்ச்சில் சம்ஃபாராவில் முதல் தண்டனை நிறைவேறியது: மாடு திருடிய ஒருவருக்கு வலது கை போனது. கருவூலத்தைத் திருடிய எந்தப் பெரிய மனிதருடைய கையும் போகவில்லை. இந்தக் குறை அங்கிருக்கும் முஸ்லிம்களே சொன்னது.

கத்சினாவில் அமினா லாவல் என்ற பெண்ணுக்குக் கல்லெறி தண்டனை விதித்த செய்தி உலகம் முழுக்கப் போனது. 2003-இல் அதை ரத்து செய்ததும் அதே மாநிலத்தின் ஷரியா மேல்முறையீட்டு நீதிமன்றம்தான் என்ற செய்தி அவ்வளவு தூரம் போகவில்லை. கடுனாவிலோ, ஷரியா வேண்டாம் என்று 2000 பிப்ரவரியில் கிறிஸ்தவர்கள் நடத்திய ஊர்வலம் கலவரமாகி ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன்பின் ஆற்றுக்கு வடக்கே முஸ்லிம்கள், தெற்கே கிறிஸ்தவர்கள் என்று நகரமே இரண்டாகக் குடிபெயர்ந்தது.

போகோ ஹராம் தனிக் கதை. முகமது யூசுஃப் என்ற இளம் போதகர் மைதுகுரி நகரில் 2002 வாக்கில் கூட்டிய கூட்டம் அது. 2009 ஜூனில் சவ ஊர்வலம் ஒன்றில் இருசக்கர வண்டியில் போன அவருடைய ஆட்களைத் தலைக்கவசம் அணியவில்லை என்று போலீஸ் மறித்தது. தகராறில் பலர் சுடப்பட்டார்கள். ஜூலையில் பெரும் மோதல். உயிரோடு பிடிபட்ட யூசுஃப், போலீஸ் காவலில் கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு வந்த சேகாவுதான் 2014 ஏப்ரலில் சிபோக் பள்ளியிலிருந்து 276 மாணவிகளைக் கடத்திய ஆள். இந்த அமைப்பு கொன்றவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். மசூதிகளில் குண்டு வெடித்திருக்கிறது, எமிர்கள் மீது தாக்குதல் நடந்திருக்கிறது. முஸ்லிம் கிறிஸ்தவர் மோதல் என்ற பெட்டிக்குள் இது அடங்காது.

இன்னொரு உதாரணம் இதைவிடத் தெளிவானது. ஃபுலானி மாட்டுக்காரர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடக்கும் சண்டை. மேய்ச்சல் தடங்களில் வயல்கள் வந்துவிட்டன. சாட் ஏரி 1960-களில் இருந்த பரப்பில் பெரும்பகுதியை இழந்தது. வறட்சியால் மந்தைகள் தெற்கே இறங்குகின்றன. பெனுவே மாநிலத்தில் விவசாயிகளான டிவ் இனத்தார் கிறிஸ்தவர்கள். 2017-இல் அந்த மாநிலம் திறந்தவெளி மேய்ச்சலைத் தடை செய்தது. 2018 புத்தாண்டு நாளில் தாக்குதல். பத்து நாள் கழித்து மகுர்தி நகரில் 73 சவப்பெட்டிகளை வரிசையாக வைத்து ஒரே நாளில் புதைத்தார்கள். இது உலகச் செய்தியில் ‘மதப் போர்’. சம்ஃபாராவில் அதே ஃபுலானி மாட்டுக்காரர்களுக்கும் ஹவுசா விவசாயிகளுக்கும் அதே வயல், அதே தண்ணீர், அதே மாடு திருட்டு, அதே கிராம எரிப்பு. அங்கே இரு தரப்பும் முஸ்லிம்கள். அதற்குப் பெயர் ‘கொள்ளையர் பிரச்சினை’. இரண்டிலும் பிணம் விழுவது நிற்கவில்லை. ஆனால் பெனுவேயில் ஒரு சாவு விழுந்தால் லாகோஸ் சர்ச்சில் ஞாயிறு பிரசங்கத்தில் அது ஒலிக்கும். சம்ஃபாராச் சாவுக்கு அப்படி ஒலிபெருக்கி கிடையாது.

மாலியிலும் இதே புல், இதே மாடு. நைஜர் ஆற்றுச் சமவெளியில் வெள்ளம் வடிந்ததும் முளைக்கும் புல்வெளிக்குள் மந்தையை விட, பரம்பரைக் காவலர்களுக்குக் கட்டணம் கட்ட வேண்டும். கட்டணம் ஏறிக்கொண்டே போனது. அமது கூஃபா என்ற ஃபுலானிப் போதகர் அங்கே ஆள் சேர்த்தபோது, அந்தக் கட்டண முறை அநியாயம் என்று பேசியது ஏழை மேய்ப்பர்களுக்குப் பிடித்துப்போயிற்று. கையில் குர்ஆன், பேச்சில் புல். எதற்காக எத்தனை பேர் போனார்கள் என்று பிரித்துச் சொல்லக்கூடிய தராசு யாரிடமும் இல்லை.

எண்ணிப் பார்த்தால் ஆபத்து என்று சில நாடுகள் எண்ணுவதையே விட்டுவிட்டன. நைஜீரியாவில் 1991, 2006 இரண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் மதம் என்ற கேள்வி கிடையாது. எந்த மதத்தார் பெரும்பான்மை என்பதில் ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்கிறார்கள். தான்சானியாவில் 1967-க்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ஆனால் அங்கே எழுதாத ஏற்பாடு ஒன்று ஓடுகிறது: கத்தோலிக்கரான நைரேரே, அடுத்து முஸ்லிமான ம்வின்யி, அப்புறம் கத்தோலிக்கரான ம்காபா, முஸ்லிமான கிக்வெட்டே, கத்தோலிக்கரான மகுஃபுலி, இப்போது முஸ்லிமான சாமியா. எந்தச் சட்டத்திலும் இல்லாத முறைவைப்பு. நைஜீரியாவிலும் அதிபர் ஒரு மதம் என்றால் துணை அதிபர் மறு மதம் என்பது வழக்கம். 2023-இல் டினுபுவும் ஷெட்டிமாவும் இருவருமே முஸ்லிம்களாக நின்று அதை உடைத்து ஜெயித்தார்கள்.

சூடானுக்கு வருவோம். ‘அரபு முஸ்லிம் வடக்கு, கறுப்புக் கிறிஸ்தவத் தெற்கு’ என்று ஒற்றை வரியில் சொல்லப்பட்டுவந்த நாடு. அந்த ஒற்றை வரியும் தானாக உருவானதல்ல. 1922-இல் ஆங்கிலேயர்கள் தெற்கை ‘மூடிய வட்டாரம்’ ஆக்கி, வடக்கத்தி வியாபாரிகள் போகவர அனுமதிச் சீட்டு முறை வைத்தார்கள். தெற்கை மிஷனரிச் சபைகளுக்குப் பங்கு பிரித்துக் கொடுத்தார்கள். 1930-களில் ராகா என்ற எல்லை ஊரின் ஆங்கிலேய அதிகாரி, துணிக் கடைக்காரர் ஒருவருக்கு எழுதிய உத்தரவு பிரசித்தம்: கழுத்து திறந்த பகாரா அரபுப் பாணிச் சட்டை தைக்கக்கூடாது, குட்டையாக, காலர் வைத்து, முன்பக்கம் திறப்போடு ஐரோப்பியப் பாணியில் தைக்க வேண்டும். சட்டையின் கழுத்து வரை கத்தரிபோட்டுப் பிரித்த பிறகு, 1956-இல் ஒரே நாடாகச் சுதந்திரம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

புதிய ஆட்சியாளர்கள் அதே கத்தரியை எதிர்ப்பக்கமாகப் பிடித்தார்கள். 1960-இல் தெற்கில் வார விடுமுறையை ஞாயிற்றிலிருந்து வெள்ளிக்கு மாற்றினார்கள், பள்ளிகளில் வேலைநிறுத்தம். 1964-இல் வெளிநாட்டு மிஷனரிகளை வெளியேற்றினார்கள். முதல் உள்நாட்டுப் போர் 1972-இல் அடிஸ் அபாபா ஒப்பந்தத்தோடு நின்றது. தெற்குக்குத் தன்னாட்சி.

பிறகு 1978 வாக்கில் தெற்கின் பெந்தியூ பகுதியில் எண்ணெய் கிடைத்தது. அதை நம்பி எல்லையை மாற்றப் பார்த்தார் அதிபர் நிமைரி. தெற்கை மூன்றாக உடைக்கவும் முனைந்தார். 1983 மே மாதம் போர் நகரில் தெற்கத்திப் படைப்பிரிவு கலகம் செய்ய, இரண்டாவது போர் தொடங்கியது. போர் என்ற ஊரில் தொடங்கிய போர் என்பது தமிழில் மட்டும் விழும் சிலேடை. ஷரியா சட்டத்தை நிமைரி அறிவித்தது செப்டம்பரில். நாட்காட்டியைக் கவனியுங்கள்: போருக்கு நான்கு மாதம் கழித்துத்தான் ஷரியா வருகிறது. சாராயப் புட்டிகளை நைல் நதியில் கொட்டினார்கள், கைகள் வெட்டப்பட்டன. 1985 ஜனவரியில், இந்தச் சட்டம் இஸ்லாத்துக்கே களங்கம் என்று எழுதிய 76 வயது முஸ்லிம் அறிஞர் மஹ்மூத் முகமது தாஹாவைத் தூக்கிலிட்டார்கள். மூன்று மாதத்தில் நிமைரி ஆட்சியே கவிழ்ந்தது.

ஆனால் சட்டம் கவிழவில்லை. அதை விலக்கும் துணிச்சல் பின்னால் வந்தவர்களுக்கு இல்லை. 1988 நவம்பரில், ஷரியாவை நிறுத்திவைத்துவிட்டு அரசியல் சாசன மாநாடு கூட்டலாம் என்று தெற்கத்தித் தலைவர் ஜான் கராங்கும் வடக்கின் பெரிய சூஃபி மரபைச் சேர்ந்த மிர்கனியும் ஒப்பந்தம் போட்டார்கள். அது கைகூடும் நேரத்தில், 1989 ஜூன் 30 அன்று உமர் அல்-பஷீர் ராணுவப் புரட்சி செய்தார். அவருக்குப் பின்னால் இருந்த மூளை ஹசன் அல்-துராபி. இனி அது ஜிஹாத். எண்ணெய் வருமானத்தில் இத்தனை விழுக்காடு என்று பேரம் பேசலாம். ஜிஹாதில் விழுக்காடு ஏது? 2002-இல் கென்யாவின் மச்சாகோஸில் கண்ட சமரசமே இதற்குச் சாட்சி: வடக்கு ஷரியாவை வைத்துக்கொள்ளட்டும், பதிலுக்குத் தெற்கு விலகிப்போக வாக்கெடுப்பு நடத்திக்கொள்ளட்டும். ஷரியாவின் விலை ஏறக்குறைய கால்வாசி நாடு. 2011 ஜனவரியில் 98.83 விழுக்காடு பேர் பிரிவினைக்கு வாக்களித்தார்கள், ஜூலை 9-இல் தெற்கு சூடான் பிறந்தது.

சரி, மதக் கோடு போட்டுப் பிரித்தாயிற்றே, இனி அமைதிதானே? 2013 டிசம்பரில் தெற்கு சூடானில் போர். ஒரு பக்கம் டிங்கா இனத்து அதிபர் சல்வா கீர், கத்தோலிக்கர். மறுபக்கம் நூவர் இனத்து ரியக் மச்சார், பிரஸ்பிட்டேரியன். சுமார் 4 லட்சம் பேர் மாண்டதாக ஒரு மதிப்பீடு. 2019 ஏப்ரலில் இருவரையும் வத்திக்கானுக்கு அழைத்து, போப் பிரான்சிஸ் சிரமப்பட்டுக் குனிந்து அவர்களுடைய ஷூவை முத்தமிட்டார். படம் உலகமெல்லாம் பரவியது. அதன் பிறகும் கிராமங்களில் துப்பாக்கி ஓயவில்லை. வடக்கிலும் அதே கதைதான். 2003-இல் எரிந்த டார்ஃபூரில் கொன்றவர்களும் செத்தவர்களும் முஸ்லிம்கள். 2023 ஏப்ரல் 15-இல் தொடங்கி கார்ட்டூமையே சிதைத்த போரில் ராணுவமும் துணைப்படையும் ஒரே கிப்லாவை நோக்கித் தொழுபவை.

ருவாண்டாவைப் பற்றி நீட்ட மனம் வரவில்லை. பெரும்பாலும் கத்தோலிக்கர்கள் நிறைந்த நாடு. 1994-இல் நூறு நாளில் சுமார் 8 லட்சம் பேர் கொல்லப்பட்டபோது, அடைக்கலம் தேடி மக்கள் ஓடிய சர்ச்சுகளே கொலைக்களமாயின. ந்யாங்கேயில் உள்ளே சுமார் 1,500 பேர் இருக்க, சர்ச்சைப் புல்டோசர் வைத்து இடித்ததில் பங்கு இருந்ததாக அதன் பங்குத்தந்தைக்கே ருவாண்டாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் ஆயுள் தண்டனை கொடுத்தது. அடையாள அட்டையில் ஹூட்டு, டுட்சி என்று இனம் அச்சாகியிருந்தது. மறுபடியும் ஒரு காகிதம்.

மத்திய ஆப்பிரிக்கக் குடியரசில் மதக் கோடு ஒரே வருடத்தில் வரையப்பட்டதைப் பார்க்கலாம். கைவிடப்பட்ட வடகிழக்கிலிருந்து வந்த செலேக்கா படைகள் 2013 மார்ச்சில் தலைநகர் பங்கியைப் பிடித்தன. செலேக்கா என்றால் சாங்கோ மொழியில் கூட்டணி. அவர்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள், கொள்ளையடித்தது பெரும்பாலும் கிறிஸ்தவர்களை. பதிலுக்கு எழுந்த ஆன்டி-பலாக்கா கூட்டங்கள், செலேக்காவோடு சம்பந்தமே இல்லாத மளிகைக் கடை முஸ்லிமையும் மாட்டு வியாபாரியையும் வெட்டின. நாட்டிலிருந்த 436 மசூதிகளில் 417 அழிக்கப்பட்டுவிட்டதாக 2015-இல் ஐ.நா.வுக்கான அமெரிக்கத் தூதர் சொன்னார். அந்த மாதங்களில் பங்கியின் பேராயர் ந்சபலாயிங்கா, தலைமை இமாம் லயாமாவைத் தம் வீட்டிலேயே குடிவைத்துக்கொண்டார். இருவரும் ஒரு போதகரையும் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், இது மதச் சண்டை இல்லை என்று சொன்னார்கள். சொன்னது முழு உண்மையா என்பதைவிட, அதைச் சொல்ல இந்த மூவரை விட்டால் நாட்டில் வேறு ஆளே இல்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. அரசு ஊழியரும் போலீசும் காணாமல் போன ஊர்களில் எஞ்சியிருந்தவை சர்ச்சும் மசூதியும்தான்.

இதுவரை சொன்னதைப் படித்துவிட்டு, மதத்தை அரசியலிலிருந்து பிரித்துவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கத் தோன்றும். அங்கேதான் செனகல் குறுக்கே நிற்கிறது. பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் முஸ்லிம்கள். முதல் அதிபர் செங்கோர் கத்தோலிக்கர். 1960 முதல் 1980 முடிய ஆண்டார், அவராகவே இறங்கினார். எப்படி நடந்தது? மதத்தை ஒதுக்கி வைத்ததால் அல்ல.

1895-இல் பிரெஞ்சுக்காரர்கள் அமது பம்பா என்ற சூஃபி குருவைக் கலகக்காரர் என்று சந்தேகித்துக் காபோனுக்கு நாடு கடத்தினார்கள். திரும்பி வந்தவரின் செல்வாக்கு பல மடங்காகியிருந்தது. அவருடைய சீடர்களான முரிதுகள் காட்டைத் திருத்தி நிலக்கடலை போட்டார்கள். வேலையும் வழிபாடு என்பது அவர்கள் நம்பிக்கை. குருவுக்கென்று ஒதுக்கிய ‘புதன்கிழமை வயலில்’ ஊரே சேர்ந்து உழைக்கும். பிரெஞ்சுக்காரர்களுக்கு வேண்டியதும் கடலைதான். பகை மெல்ல ஏற்பாடாக மாறியது. சுதந்திரத்துக்குப் பிறகு செங்கோரும் அந்த ஏற்பாட்டைத் தொடர்ந்தார்: கடலைக்கு விலை, முரிதுகளின் புனித நகரமான தூபாவுக்குச் சாலையும் தண்ணீரும், பதிலுக்கு ஓட்டு. முரிதுகளின் தலைவரான கலீஃபாவின் கட்டளைக்கு ‘ந்திகல்’ என்று பெயர். 1988 தேர்தலில் அதிபர் அப்து தியூஃபுக்கே ஓட்டு என்று கலீஃபா வெளிப்படையாக ந்திகல் கொடுத்தார். தியூஃப் ஜெயித்தார், ஆனால் டக்காரின் இளைஞர்கள் தெருவில் இறங்கிக் கலவரம் செய்தார்கள். 1990-இல் பொறுப்பேற்ற கலீஃபா சாலியு எம்பாக்கே அந்த வழக்கத்தைத் தொடரவில்லை. குருவுக்குக் காணிக்கை கொடுப்பேன், ஓட்டு என் சொந்த விஷயம் என்று சீடர்கள் பிரித்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அப்படியும் 2000-இல் அதிபர் தேர்தலில் ஜெயித்த வாத் முதல் வேலையாகத் தூபாவுக்குப் போய்க் கலீஃபாவின் காலடியில் உட்கார்ந்தார். நகரத்தார் பலருக்கு அது முகம் சுளிக்க வைத்த காட்சி.

அழகான ஏற்பாடு என்று சொல்ல மாட்டேன். ஊழலுக்கும் சலுகைக்கும் அதில் நிறைய இடம் உண்டு. ஆனால் குடிமகனுக்கும் அரசுக்கும் நடுவே ஒரு தரகர் இருந்தார், அவரிடம் எல்லா இனத்தாரும் சீடராகலாம். தெற்கே கசமான்ஸ் பிரிவினை இயக்கத்துக்குத் தலைமை தாங்கியவர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், அகஸ்டின் தியாமகூன் செங்கோர். இயக்கத்தில் முஸ்லிம்களும் இருந்தார்கள். முஸ்லிம் நாட்டுக்கு எதிராகப் பாதிரியார் என்ற தலைப்பு தயாராகவே இருந்தது. செனகலில் யாரும் அதை எடுத்துக்கொள்ளவில்லை. கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழாமல் குறுக்கும் நெடுக்குமாக ஓடியதால் வண்டிக்குப் பாதை கிடைக்கவில்லை.

மறுபடியும் கடுனா. 1992 கலவரத்தில் இளைஞர் படைகளுக்கு எதிரெதிராகத் தலைமை தாங்கிய இருவர்: பாஸ்டர் ஜேம்ஸ் வுயே, இமாம் முகமது அஷாஃபா. வுயேயின் வலது கை போனது. அஷாஃபா தம் உறவினர்களையும் வயதான ஆசானையும் இழந்தார். 1995-இல் இருவரும் சேர்ந்து சமரச மையம் ஒன்று தொடங்கினார்கள். ஆரம்ப நாட்களில் வெளியூரில் ஒரே அறையில் தங்கும்போது, தூங்கும் இமாமின் முகத்தில் தலையணையை வைத்து அழுத்திவிடலாமா என்று தோன்றியதைப் பின்னாளில் வுயேயே சொல்லியிருக்கிறார். 2002 ஆகஸ்டில் கடுனாவின் மதத் தலைவர்களைக் கூட்டி அமைதிப் பிரகடனத்தில் கையெழுத்து வாங்கினார்கள். மூன்று மாதத்தில் உலக அழகிப் போட்டி விவகாரத்தில் அதே நகரில் இருநூறு பேருக்கு மேல் செத்தார்கள். கிளம்பிப் போகவில்லை இருவரும்.

2004-இல் பிளாட்டோ மாநிலத்தின் யெல்வா ஊரில் பிப்ரவரியில் சர்ச் வளாகத்துக்குள் கிறிஸ்தவர்களும், மே மாதம் நூற்றுக்கணக்கில் முஸ்லிம்களும் கொல்லப்பட்டார்கள். அங்கே போய் இரு தரப்பையும் ஒரு கூரையின் கீழ் உட்கார வைத்தவர்களும் இவர்கள்தான். குர்ஆன் வசனமும் பைபிள் வசனமும் மாறி மாறிச் சொல்லப்பட்டன. அழுதார்கள், கை கொடுத்தார்கள். ஆனால் யெல்வாவில் யார் மண்ணின் மைந்தர், யார் வந்தேறி என்ற கேள்விக்கு ஒரு இமாமோ பாஸ்டரோ முத்திரை குத்த முடியாது. 1999 அரசியல் சாசனம், ஒவ்வொரு மாநிலத்திலிருந்தும் அம்மாநிலத்து மண்ணின் மைந்தர் ஒருவராவது மத்திய அமைச்சராக வேண்டும் என்கிறது. எந்தச் சமூகம் ஒரு மாநிலத்தின் பூர்வீகச் சமூகம் என்பதை எங்கேயும் விளக்கவில்லை. அதை இன்றைக்கும் உள்ளாட்சி அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்தான் தீர்மானிக்கிறார்.